இரண்டு முறை தின்பவர்கள்: பெங்களூர் ஓரங்களில் காட்டு முயலும் புற்றுக்காளானும்

வெள்ளி இரவு, அல்சூர்

நாளை விடிகாலை துரஹள்ளி, ஞாயிறு ஹெசரகட்டா, திங்கள் ஜி.கே.வி.கே. என்ற வேளாண் பல்கலைக்கழக வளாகம். மூன்று இடத்திலும் தேடப்போவது இரண்டே உயிர்களை: கருப்புப் பிடரி முயல், புற்றுக்காளான்.

ஒன்று ஓடும், ஒன்று முளைக்கும். இவற்றை ஒரே பயணத்தில் கட்டுவதற்குக் காரணம் சாப்பாடு. இரண்டும் பிழைப்பது காய்ந்த புல்லையும் சருகையும் நம்பித்தான். அதில் இருப்பது பெரும்பாலும் செல்லுலோஸ், அதைக் கட்டிப் பிடித்திருக்கும் லிக்னின். ஒரே ஓட்டத்தில் வயிற்றுக்குள் போய் வெளியே வந்தால் அதிலிருந்து கிடைக்கும் சத்து கொஞ்சம்தான். மாடு அசைபோட்டுச் சமாளிக்கிறது. முயல் தன் வயிற்றிலிருந்து வந்ததையே இன்னொரு முறை தின்கிறது. கரையான் தின்றுகழித்ததைப் பூஞ்சைக்குக் கொடுத்து, பூஞ்சை பக்குவம் செய்த பிறகு மறுபடி தின்கிறது. அந்தப் பூஞ்சை வெளியே நீட்டும் குடைதான் புற்றுக்காளான். இந்த இரண்டு வழியையும் தரையில் தடயமாகப் பார்ப்பதுதான் நோக்கம். முயலை நேரில் பார்த்தால் அது கொசுறு.

பையில் போக வேண்டியவை: 15 செ.மீ. ஸ்கேல், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பழைய பெயின்ட் பிரஷ், சின்னக் கரண்டி, காகிதக் கவர்கள், பென்சில், கையுறை. பிளாஸ்டிக் கவர் வேண்டாம். காளானோ புழுக்கையோ அதில் இரண்டு மணி நேரம் இருந்தாலே வேர்த்து அழுகிவிடும். முழங்கால் வரை வரும் பூட்ஸ் கட்டாயம். புற்று இருக்கும் இடத்தில் நல்லபாம்பும், புதர் ஓரத்தில் கண்ணாடி விரியனும் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

சனி, துரஹள்ளி

பச்சை வழித்தட மெட்ரோவில் வஜரஹள்ளியில் இறங்கி ஆட்டோ பிடித்தால் காட்டு வாசல் பக்கம்தான். பாறைக் குன்று, முட்புதர், நடுநடுவே தைலமரம். அபார்ட்மென்ட் சுவர் முடியும் இடத்தில் காடு தொடங்குகிறது. சிறுத்தை நடமாட்டம் செய்தியில் வந்த இடம் என்பதால் இருட்டில் தனியாக நுழைவது புத்திசாலித்தனம் இல்லை. வனத்துறை திறந்துவிடும் நேரத்துக்குள் போய் வந்துவிட வேண்டும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். லீபஸ் நைக்ரிகாலிஸ் என்ற இந்த முயலுக்கு 1823இல் பெயர் வைத்தவர் பிரெடெரிக் குவியே. தென்னிந்திய முயலுக்குக் காதுக்குப் பின்னால், பிடரியில் கருப்புப் பட்டை இருக்கும். வாலின் மேல்பக்கமும் கருப்பு. முதுகு பழுப்பு, அதில் கருப்பு மயிர் தூவியிருக்கும். வயிறு வெள்ளை. கடையில் கூண்டில் விற்கும் வெள்ளை முயல் ஐரோப்பிய இனத்திலிருந்து வந்தது, அது வளை தோண்டும். நம் காட்டு முயல் வளை தோண்டாது. தரையில், புல்லுக்கு நடுவே ஒரு பள்ளம் அமைத்து அதில் பதுங்கும். குட்டியும் அப்படித்தான்: ஐரோப்பிய முயலின் குட்டி மயிர் இல்லாமல், கண் திறக்காமல் வளைக்குள் பிறக்கும். இதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் வெட்டவெளியில் பிறக்கும். ஒரு ஈற்றில் பெரும்பாலும் ஒன்றிரண்டு, சில சமயம் நான்கு வரை.

இதில் நகரத்துக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு ஒன்று உண்டு. புதர் ஓரத்தில் தனியாக அசையாமல் உட்கார்ந்திருக்கும் குட்டியைப் பார்த்து, தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவார்கள். இந்த வகை முயல்களில் தாய் பகலில் குட்டியிடம் நிற்காது. நின்றால் தன் வாசனையே நாயையும் கீரியையும் கூட்டி வந்துவிடும். பால் கொடுக்க மட்டும் இருட்டிய பிறகு வரும். வீட்டில் பசும்பால் கொடுத்தால் குட்டிக்குக் கழிச்சல் எடுக்கும். முயல் பாலில் கொழுப்பு அதைவிடப் பலமடங்கு. அடிபடாத குட்டியை விட்ட இடத்திலேயே விட்டு, நாயை மட்டும் விரட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்.

துரஹள்ளியில் முயல் தடம் பார்க்க ஏற்ற இடம் பாறை அடிவாரத்தில் மழைநீர் வழிந்து படிந்த மெல்லிய செம்மண். ஈரம் இறங்கி, மேல்தோல் மட்டும் இறுகியிருக்கும் காலை நேரத்தில் பாதம் தெளிவாகப் பதியும். ஒரு தாவலுக்கு நான்கு அடையாளம். முன்னங்கால் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் விழும். நீளமான பின்னங்கால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் முன்னால் விழும். ஆகவே பெரிய பாதம் இருக்கும் பக்கம்தான் முயல் போன திசை. புதிதாகப் பார்ப்பவர்கள் இதைத் தலைகீழாகப் படித்து, முயல் வந்த வழியிலேயே தேடிக்கொண்டு போவார்கள்.

பக்கத்திலேயே கடித்த புல்தண்டு. ஆடு கடித்தால் முனை பிய்ந்து நார் நாராக இருக்கும், ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லாததால் இழுத்துத்தான் பிய்க்க வேண்டும். முயல் கடித்தால் கத்தியால் சாய்த்து வெட்டிய மாதிரி சுத்தமாக இருக்கும். முயலுக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டு ஜோடி: பெரிய ஜோடிக்குப் பின்னால் ஒட்டினாற்போல் குட்டி ஜோடி ஒன்று ஒளிந்திருக்கும். எலி, அணில் வகையறாவிலிருந்து முயலைப் பிரித்துக் காட்டுவது இந்த இரண்டாவது ஜோடிதான். எல்லாப் பற்களும் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். மணல் ஒட்டிய புல்லைத் தின்றே தேய்த்துக்கொள்கிறது.

வேலிக் கம்பியில் முயல் நுழையும் இடைவெளி தெரிந்தால் அங்கே கொஞ்சம் குனிந்து பார்க்கவும். மெல்லிய கம்பிக் கண்ணி கட்டியிருந்தால் நீங்களே கழற்றி எடுத்துப் போக வேண்டாம். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, வனத்துறையின் 1926 எண்ணுக்குச் சொல்லவும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டு முயல் வேட்டை குற்றம். கண்ணியே அதற்குச் சாட்சி.

ஞாயிறு, ஹெசரகட்டா

1894இல் நகரத்துக்குக் குடிநீருக்காக அர்க்காவதியில் கட்டிய ஏரி, அதைச் சுற்றிப் பரந்த புல்வெளி. பெங்களூரைச் சுற்றி இவ்வளவு பெரிய திறந்த புல்வெளி வேறு கிடையாது. இதைப் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்க 2024இல் மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் தந்தது. பரப்பு ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். இங்கே மரம் நட்டுப் பசுமையாக்குகிறோம் என்று கிளம்புகிறவர்களை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. நிழல் விழுந்தால் புல் போகும், புல் போனால் முயலுக்கு மறைவும் இல்லை, உணவும் இல்லை.

முயலின் பள்ளம் இங்கே நன்றாகக் கிடைக்கும். காற்றுக்கு மறைவான பக்கத்தில், முழங்கால் உயரப் புல்லின் அடியில், முயலின் உடம்பு நீளத்துக்குத் தரை அழுந்தியிருக்கும். ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் மேடு. ஆழமான பக்கம் பின்னுடல் அமரும் இடம். கையை வைத்துப் பார்க்கலாம் என்று ஆசைப்பட வேண்டாம், உள்ளே விரியனும் படுத்திருக்கலாம். முயல் இருக்கும்போது மிதிக்கும் தூரம் வரை வந்தாலும் அசையாது. கடைசி நொடியில் எழுந்து வளைந்து வளைந்து ஓடும். ஓடியதைத் துரத்தினால் அன்று பகல் முழுக்க அதற்கு நிம்மதி போய்விடும். அந்தப் பகல்நேரத்தில்தான் அதன் இரண்டாவது சாப்பாடு நடக்க வேண்டும்.

அது நடக்கும் விதம் இப்படி. இரவெல்லாம் மேய்ந்த புல், வயிறும் சிறுகுடலும் தாண்டி, சிறுகுடல் பெருங்குடலில் சேரும் இடத்துக்கு வருகிறது. அங்கே ஒரு பிரிவினை. பெரிய நார்த் துண்டுகளைக் குடல் வேகமாக வெளியே தள்ளிவிடும். அதுதான் நாம் பார்க்கும் காய்ந்த புழுக்கை. நுண்துகள்களையும் சாறையும் மட்டும் குடல் பின்னோக்கித் தள்ளி, சீக்கம் என்ற பெரிய குடற்பைக்குள் அனுப்பும். அங்கே பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து, புரதமும் பி வகை வைட்டமின்களும் சேர்த்துவிடும். பிறகு அது மென்மையான, சளி போர்த்திய உருண்டையாக வரும். முயல் பள்ளத்தில் உட்கார்ந்தபடியே குனிந்து, அது தரையில் விழுவதற்குள் நேராக வாயில் வாங்கி விழுங்கிவிடும். அதனால் அந்த மென்மையான உருண்டையை வெளியில் பார்ப்பது அபூர்வம். அப்படிச் சிதறிக் கிடந்தால் ஏதோ விரட்டியிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

கூட வந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, இது ஆட்டுப் புழுக்கை மாதிரியே இருக்கே, எப்படிப் பிரிக்கறது?" வடிவம் பாருங்கள். ஆட்டுப் புழுக்கை நீள்வட்டம், ஒரு முனையில் கூர்மை அல்லது குழி இருக்கும், தோல் வழவழப்பு, கருமை. முயலுடையது கிட்டத்தட்ட உருண்டை, லேசாகத் தட்டையாக அழுந்தியிருக்கும், குறுக்களவு ஏறக்குறைய ஒரு செ.மீ., நிறம் வைக்கோல் மஞ்சளிலிருந்து பழுப்பு வரை. கையுறையோடு இரண்டாகப் பிட்டால் உள்ளே குறுகத் தறித்த காய்ந்த நார் மட்டும்தான். சாணத்தின் பிசுபிசுப்பே இருக்காது. முயல் எதை வேண்டாம் என்று தள்ளியதோ அது கண்ணெதிரே இருக்கிறது: லிக்னின் ஏறிய நார்.

இங்கேதான் இரண்டாவது உயிர் கதைக்குள் வருகிறது. புல்வெளி நடுவே கிடந்த புழுக்கைக் குவியல் ஒன்றில் பாதி வெறுமனே வெயிலில் கிடந்தது, பாதியின்மேல் ஈரச் செம்மண் பூச்சு ஏறியிருந்தது. பூச்சைப் பிரஷால் மெல்ல விலக்கினால் அடியில் வெளிறிய வேலைக்காரக் கரையான்கள், பழுப்புத் தலையோடு சில சிப்பாய்கள். புழுக்கையின் ஒரு பக்கம் குடைந்து குழிந்திருந்தது. மாட்டுச் சாணத்தையும் வறட்டியையும் கரையான் இப்படி மண் போர்த்தித் தின்பதைக் கிராமத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். முயலுக்குப் பயன்படாமல் போன நாரைக் கரையான் புற்றுக்கு எடுத்துப் போகிறது. லென்ஸை எடுத்துவிட்ட பிறகு விலக்கிய மண்ணைத் திரும்ப மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு புகுந்து ஆட்களைத் தூக்கிவிடும்.

திங்கள், ஜி.கே.வி.கே. வளாகம்

வேளாண் பல்கலைக்கழக வளாகம், பெல்லாரி சாலையில், விமான நிலையம் போகும் வழியில். உள்ளே திரிந்து பார்க்க முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். ஆராய்ச்சி வயல்களுக்குள் கால் வைக்கக் கூடாது.

பெங்களூர் ஓரங்களில் செதுக்கிய கோபுரம் போல மடிப்பு மடிப்பாக நிற்கும் புற்று பெரும்பாலும் ஒடோண்டோடெர்மஸ் ஒபிசஸ் என்ற கரையானுடையது. இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையத்தில் ரெனே போர்ஜஸ் குழு நீண்ட காலம் ஆராய்ந்தது இதே கரையானைத்தான். புற்றின் உள்ளே இருப்பதைப் பார்க்க உடைக்க வேண்டாம், உடைக்கவும் கூடாது. குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தின் சுவரில் ஒரு அறை வெட்டுப்பட்டுத் தெரிந்தால் போதும். உள்ளங்கை அகல அறை, அதில் அக்ரூட் பருப்பு மாதிரி மடிந்து மடிந்து கிடக்கும் பூஞ்சைக் கூடு. மேல்பகுதி கருமை, ஈரம். நடுவில் வெளிர் நிறம், அதில் ஒன்றிரண்டு மி.மீ. அளவில் வெள்ளை முத்துகள். அடிப்பகுதி உலர்ந்து மஞ்சளித்திருக்கும்.

இந்த மூன்று அடுக்கும் மூன்று நிலை. இளம் வேலைக்காரர்கள் வெளியிலிருந்து வந்த புல், சருகு, புழுக்கை நாரோடு அந்த வெள்ளை முத்துகளையும் தின்று, அரைகுறையாகச் செரித்ததை மேல்பகுதியில் கழித்து ஒட்டுகின்றன. முத்துகளில் இருக்கும் பூஞ்சை ஸ்போர் (விதை போல முளைக்கும் நுண்துகள்) செரிக்காமல் வந்து அதிலேயே முளைக்கும். நடுப்பகுதியில் பூஞ்சை வாரக்கணக்கில் லிக்னினை உடைத்து, செல்லுலோஸை அவிழ்த்து வைக்கும். கடைசியில் அடிப்பகுதியை மூத்த வேலைக்காரர்கள் தின்றுவிடும். இது இரண்டாவது முறை. முயலோடு ஒப்பிட்டால் வேறுபாடு அப்பட்டம்: முயல் அவசரக்காரன், கடினமான நாரைத் தள்ளிவிட்டு மென்மையானதை மட்டும் நொதிக்க வைக்கும். ஓட வேண்டிய உடம்பு, வயிற்றில் சுமை தூக்கித் திரிய முடியாது. கரையானுக்கு அந்த நெருக்கடி இல்லை. செரிமானத்தை உடம்புக்கு வெளியே ஒரு அறையில் வைத்துவிட்டது. அதனால் முயல் கைவிட்ட பகுதியிலேயே அதன் தொழில் தொடங்குகிறது.

கரையானுக்கும் பூஞ்சைக்கும் இந்த உறவு ஏறக்குறைய மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் தொடங்கியது. பூஞ்சைப் பேரினத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று 1942இல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்ம். நம் பக்கத்துப் பெரிய வெள்ளைக் காளானை 1979இல் விவரித்த கே. நடராஜன், ஹெய்மின் பெயரிலேயே டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்று வைத்தார்.

காளானை அடையாளம் பார்க்கும் முறை. குடை வெள்ளை, நடுவில் சாம்பல் பழுப்பு. அந்த நடுப்புள்ளி மழுங்கிய முனையாகப் புடைத்திருக்கும், இறுகிய மண்ணைத் துளைத்து வருவது அந்த முனைதான். தண்டில் தடித்த வளையம். குடைக்கு அடியில் தகடு தகடாக இருக்கும் செவுள்கள் தண்டைத் தொடாமல் விலகி நிற்கும், வெள்ளையாகத் தொடங்கி இளஞ்சிவப்பு கலந்துவரும். இவ்வளவும் மேலே. தீர்மானிப்பது மண்ணுக்குள்: தண்டு தரையோடு முடியாது, மெலிந்து வேர் மாதிரி கீழே போய்க்கொண்டே இருக்கும், பூஞ்சைக் கூடு வரை. பிடித்து இழுத்தால் அது அறுந்துவிடும், அடையாளமும் போய்விடும். பக்கவாட்டில் கரண்டியால் ஐந்தாறு செ.மீ. மண்ணை விலக்கி, வேர் தொடர்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.

அரிசிக்காளான் என்று சொல்லும் டெர்மிட்டோமைசிஸ் மைக்ரோகார்பஸுக்கு இந்த நீண்ட வேர் இருக்காது. கரையான்கள் கூட்டின் துணுக்குகளை வெளியே கொண்டுவந்து போட, அதிலிருந்து ஒன்றிரண்டு செ.மீ. குடைகள் கூட்டமாக முளைக்கும்.

ஆபத்து இங்கேதான். மழைக்குப் பிறகு பெங்களூர்ப் புல்தரைகளில் பெரிதாக, வெள்ளையாக, வளையத்தோடு முளைக்கும் குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ் என்ற நச்சுக்காளானைப் பலர் புற்றுக்காளான் என்று எடுத்துப் போகிறார்கள். இளசில் அதன் செவுளும் வெள்ளைதான், அதுதான் ஏமாற்றும். முற்றினால் பச்சை பாரிக்கும். தின்றால் ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும். அதைவிட மோசமானவை அமனிட்டா வகையில் உள்ளவை. அவற்றில் அறிகுறி ஆறு மணி நேரம் தாண்டித்தான் வரும், அதற்குள் கல்லீரல் கெட ஆரம்பித்திருக்கும். தண்டின் அடியில் பை போல உறை இருந்தால் தொடுவதோடு நிறுத்திக்கொள்ளவும். வெள்ளிக் கரண்டி கறுக்கும், பூண்டு நிறம் மாறும் என்பதெல்லாம் வெறும் பேச்சு.

புற்றிலிருந்து கருப்பாக, விரல்விரலாக ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் அது வேறு பூஞ்சை, சைலேரியா வகை. கரையான் உயிரோடு இருக்கும்வரை இந்தக் களையைப் பிடுங்கிப் பிடுங்கி அமுக்கி வைத்திருக்கும். அது தலைகாட்டினால் உள்ளே கூட்டம் செத்துவிட்டது அல்லது சாகப்போகிறது. அந்தப் புற்றில் வெள்ளைக் காளானை எதிர்பார்த்து அடுத்த வருடம் வர வேண்டாம்.

புற்றுக்காளானைக் கொட்டகையில் வளர்த்து விற்க முடியாமல் இருப்பதும் இதனால்தான். கரையான் செய்யும் வேலையை நாம் செய்ய வழி கிடைக்கவில்லை. கடையில் வரும் வெள்ளைப் பால் காளான் வேறு வகை, 1998இல் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏ.பி.கே. 2 அதில் ஒன்று. அதை வைக்கோலில் வளர்த்துவிடலாம்.

அடுத்த இரண்டு வாரம், அல்சூர், மேசை மேல்

ஸ்போர் அச்சு முதலில். அனுமதியோடு எடுத்த ஒரு குடையைத் தண்டு நறுக்கி, பாதி வெள்ளை பாதி கருப்புக் காகிதத்தின் மேல் செவுள் கீழாக வைத்து, கிண்ணத்தால் மூடி ஆறு மணி நேரம் விட வேண்டும். இரவு முழுக்க விட்டாலும் சரி. இளஞ்சிவப்பு சாயல் க்ரீம் நிறம் விழுந்தால் டெர்மிட்டோமைசிஸோடு ஒத்துப்போகிறது. பச்சை விழுந்தால் மேலே சொன்ன நச்சுக்காளான். வெறும் வெள்ளை என்றால் அமனிட்டா சந்தேகம் உண்டு. அச்சு ஒத்துப்போவது மட்டும் சாப்பிட அனுமதி ஆகாது, வேரும் புற்றும் சேர்ந்து ஒத்துவர வேண்டும். ஃபேனுக்கு அடியில் வைத்தால் காய்ந்து எதுவும் விழாது.

முயல் புழுக்கைக்கு வேறு சோதனை: அதில் என்னென்ன பூஞ்சை முளைக்கிறது என்று பார்ப்பது. ஹெசரகட்டா ஓரத்தில் ஒரு தோட்டக்காரரிடம் கேட்டு அவர் நிலத்திலிருந்து எடுத்த பத்துப் பன்னிரண்டு புழுக்கைகள். கரையான் தொடாதவை. கண்ணாடி ஜாடியின் அடியில் டிஷ்யூ காகிதம் மூன்று மடிப்பு, நனைத்துப் பிழிந்து விரிக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. புழுக்கைகளை ஒன்றையொன்று தொடாமல் வைத்து, மூடியைத் தளர்த்தி, ஜன்னல் ஓரம் நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வைக்கவும். இரண்டு நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து காற்று விட வேண்டும். தண்ணீர் மிஞ்சினால் பூஞ்சைக்குப் பதில் பாக்டீரியா நாற்றமும் நூல்புழுவும் வரும். உண்ணிப் பூச்சி தெரிந்தால் அந்தப் புழுக்கையை மட்டும் எடுத்துவிடலாம்.

முதல் சில நாளில் வெள்ளை மயிர்போல மியூக்கர் வகைப் பூஞ்சைகள் எழுந்து சீக்கிரமே சாய்ந்துவிடும். ஒரு வாரத்தை ஒட்டி லென்ஸில் பார்த்தால் கருப்புக் குடுவைகள்: சோர்டேரியா, போடோஸ்போரா என்ற பூஞ்சைகள். அவற்றின் கழுத்து எல்லாம் ஜன்னல் பக்கமே வளைந்திருக்கும். ஸ்போரை வெளிச்சத்தை நோக்கிச் சுடுவதற்காக. திறந்த வெளியில் அது போய்ப் புல்லில் ஒட்டும், புல்லை முயல் தின்னும், குடல் வழியாகப் போய் வந்தால்தான் பலவும் நன்றாக முளைக்கும். ஜாடிச் சுவரின் ஜன்னல் பக்கத்தில் சின்னக் கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை அப்படிச் சுட்ட ஸ்போர்கள்தான், துடைத்துவிட வேண்டாம். ஜாடியைத் திருப்பி வைத்துப் பாருங்கள், புதிதாக வளரும் கழுத்து மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பும்.

இரண்டு வாரம் தாண்டிய பிறகு மெல்லிய தண்டோடு சாம்பல் நிறக் குட்டிக்குடைகள், மைக்காளான் வகை, காலையில் விரிந்து அன்றே மையாகக் கரையும். லிக்னினை உடைக்கக்கூடிய கூட்டம் அவற்றில்தான் இருக்கிறது. திறந்த வெளியில் கரையான் எடுக்காத புழுக்கையை இவை முடித்துவைக்கும்.

படமெடுக்க விரும்புகிறவர்கள் காலை ஏழு மணிக்கு முன் எடுத்துவிடவும். முடிந்ததும் ஜாடியைக் கையுறையோடு தொட்டி மண்ணில் கவிழ்த்து, கொதிநீரில் கழுவி, கையைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவவும். மிச்சமுள்ள புழுக்கைகளைக் காகிதக் கவரில் போட்டு நிழலில் உலர்த்தி வைத்தால் சில மாதம் கழித்து நனைத்தாலும் முளைக்கும்.